நான்கு மணி நேரத் தொலைவில் ஒரு மகள்

எங்கள் மாமாவைத் தெருவில் 'ஐஸ்காரர்' என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்த வீட்டுப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, கையில் காசோடு வந்து வாசலில் நிற்கும். நான் முன்னறையில் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலேயே, "இந்த ஐஸ் உங்களுக்கு இப்ப வேணாம் கண்ணுங்களா, நூறு வயசு ஆகட்டும், அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடுவேன். மாமாவுக்கு அது பிடிக்காது. "சின்னப் பிள்ளைங்ககிட்டப் பேசுற பேச்சா இது?" என்பார். அவருடைய தொழில் அப்படி. இறந்தவர்களை வைக்கிற குளிர்பெட்டியை வாடகைக்கு விடுகிறவர் அவர்.

மாமா என்றால் என் அக்கா புருஷன். நான் கல்யாணம் கட்டாதவள். அக்கா வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுப் பிழைத்துக்கொண்டு, அவர்கள் பெண்ணைத் தூக்கி வளர்த்தவள். அந்த வீட்டில் யாரை வேண்டுமானாலும் திட்ட எனக்கு உரிமை உண்டு. மாமாவைத் திட்டுகிற பொறுப்பை அக்கா பாதிக்குமேல் என்னிடமே விட்டுவைத்திருந்தாள்.

ஆதியில் அவர் பிரிட்ஜ் மெக்கானிக். மூடிப்போன ஒரு பேக்கரியிலிருந்து கண்ணாடி மூடி போட்ட நீளமான பிரீசர் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதைப் பழுது பார்த்துப் பின்னால் ஷெட்டில் வைத்திருந்தபோது, அடுத்த தெருவில் ஒருவர் இறந்துபோனார். பையன் வெளிநாட்டில். "ஏதாச்சும் பண்ண முடியுமா?" என்று கேட்டு வந்தார்கள். மாமா பண்ணினார். அதற்குப் பிறகு பிரிட்ஜ் ரிப்பேருக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பிணத்தைத் தொட்ட கையால் தங்கள் தயிர்ப் பாத்திரத்தைத் தொட விடுவார்களா? வேறு வழியில்லாமல் அதுவே தொழிலாகிவிட்டது. ஒன்று மூன்றாயிற்று.

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "யாராவது வரணுங்களா?" என்பதுதான். பதிலும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "பெரியவன் வரணும். ரொம்ப தூரமில்லைங்க, பிளைட்ல அஞ்சு மணி நேரந்தான்." மாமா தலையை ஆட்டிக்கொள்வார். ஒரு வார்த்தையைக்கூட நம்ப மாட்டார். லீவு கிடைக்க வேண்டும். முதலாளி பூட்டி வைத்திருக்கிற பாஸ்போர்ட் வெளியே வர வேண்டும். சீட்டு கிடைக்க வேண்டும். நடுவில் ஏதோ ஓர் ஊரில் இறங்கி வேறு விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். அப்புறம் ரோடு இருக்கிறது. அஞ்சு மணி நேரம் என்று யாராவது சொன்னால், மறுநாள் பொழுது சாய்கிற வரைக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அவர் குளிரைத் திருப்புவார்.

வீட்டில் சாப்பிட உட்காரும்போதும் இதே பேச்சுதான். "எல்லாரும் பறக்குற நேரத்தை மட்டும் சொல்றாங்க. வர்றேன்னு சொன்னதை நம்பக் கூடாது. வாசல்ல வந்து நின்னாத்தான் வந்ததா அர்த்தம். அதுவரைக்கும் முகம் தாங்கணும். சீக்கிரம் வச்சுட்டா தாங்கும். நாள் பூரா வெளிய போட்டுட்டு அப்புறம் வச்சா, என் பெட்டியால ஒண்ணும் பண்ண முடியாது." அவர் பெண் எதிரே உட்கார்ந்து, தாடையை அவரை மாதிரியே இழுத்துக்கொண்டு, "நம்பக் கூடாது! வாசல்ல நிக்கணும்!" என்று சொல்லிக் காட்டும். அக்கா சோற்றுக் கரண்டியை ஓங்குவாள். அப்படிச் சாவுப் பேச்சோடு சாப்பிட்டு வளர்ந்த பெண் அது. பெயர் என்னவோ இருக்கிறது, நாங்கள் பாப்பா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

பாப்பாவுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. ஒரு முதியோர் இல்லத்தில் நடக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைக்கிற வேலை. போகிறேன் என்று அவள் சொன்னதிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதுதான் மாமா போனை எடுத்து, நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று அதையே கேட்டார். போனுக்குள் இருக்கிற பொம்பளை கணீரென்று சொன்னாள்: இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், விமானத்தில் நான்கு மணி பத்து நிமிடம். அக்காவுக்குக் கிலோமீட்டர் காதில் விழுந்து முகம் வெளுத்தது. மாமா நேரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டியா? நாலு மணி நேரம். உங்க அம்மா வீட்டுக்கு நாம பஸ்ல போவோமே, அது எவ்வளவு நேரம்? ஆறு மணி நேரம். அதைவிடப் பக்கத்துலதான் உன் பொண்ணு இருக்கப் போறா."

"அந்தப் பத்து நிமிஷத்தை என்ன பண்ணீங்க மாமா?" என்றேன் நான்.

"நீ சும்மா இரு" என்றார்.

டிக்கெட் வந்தபோது அக்கா அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். காலை எட்டு மணிக்குக் கிளம்பி அங்கே இரண்டு நாற்பதுக்கு இறங்குவதாகவும், திரும்பும்போது எட்டு மணிக்குக் கிளம்பி இங்கே ஒன்பது நாற்பதுக்கே இறங்குவதாகவும் போட்டிருந்தது. அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதனால் அப்படித் தெரிகிறது என்று பாப்பா எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அக்கா கேட்கவே இல்லை. "போறதுக்கு ஆறே முக்கால் மணி நேரம், வர்றதுக்கு ரெண்டு மணி நேரங்கூட இல்ல. அம்மா வீட்டுக்கு வர்றதுன்னா பிளைட்டுகூட வேகமாத்தான் வரும் போல" என்றாள். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

பாப்பா போன பிறகு அந்த நாலு மணி நேரம் எங்கள் வீட்டில் ஓர் ஆள் மாதிரி குடிவந்துவிட்டது. அக்கா மூக்கைச் சிந்தினால் மாமா அதைத்தான் எடுத்து நீட்டுவார். இந்த வருஷம் லீவு இல்லை என்று பாப்பா சொன்னால், "அதனால என்ன, நாலு மணி நேரந்தானே, நினைச்சா வந்துடுவா" என்பார். ஊரார் வீட்டில் யார் சொன்னாலும் நம்பாத மனுஷன், தன் வீட்டில் மட்டும் அதைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார். நான் ஒரு தடவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டும் பார்த்தேன். "ஏன் மாமா, மத்தவங்க பிள்ளைங்க எல்லாம் மாட்டு வண்டியிலயா வருது?" அவர் எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். உடம்பு எப்போதும் ஊதிக் கிடக்கும். மின்விசிறி சுற்றினாலே நடுங்குவாள். ஷெட் பக்கம் போகவே மாட்டாள். "அந்தச் சனியனைக் கண்டாலே எனக்குக் குளிருது" என்பாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மகளை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். நான் வந்து சொன்னேன். மாமா யோசித்துவிட்டு, "இப்பக் கூப்பிட்டா இருக்குற கொஞ்சம் லீவும் தீர்ந்துடும். நிஜமாவே முடியாமப் போனா ஒரு போன் போதும். நாலு மணி நேரம்" என்றார். அக்காவும் அதையே சொன்னாள். அவளை வருத்தக் கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் விடியும்போது அக்கா எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கொடுக்கப் போனவள் நான்தான். அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

பாப்பாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் போனை வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "சித்தி, மத்தியான பிளைட்ல சீட் கிடைச்சிருச்சு. நேரா வர்ற பிளைட். உங்க டைமுக்கு அஞ்சு மணிக்கு இறங்கிடுவேன், ஆறு மணிக்கெல்லாம் வீட்ல இருப்பேன். அம்மாவை வச்சிருங்க சித்தி. நான் முகத்தைப் பார்க்கணும்."

அன்றைக்கு மூன்று பெட்டிகளில் ஒன்று ஏதோ ஒரு வீட்டில் இருந்தது. ஒன்றில் கம்ப்ரசர் போயிருந்தது. மூன்றாவது கழுவித் துடைத்துத் தயாராக இருந்தது. அது குளிர்ந்து வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நானே போய் ஸ்விட்சைப் போட்டேன். இரைச்சல் கேட்டு மாமா வந்து அதை அணைத்தார்.

"மாமா, சாயங்காலம் வரைக்கும் அக்கா எப்படித் தாங்குவா? ஏற்கெனவே ஊதின உடம்பு. வெயிலப் பாருங்க."

"வேணாம்மா. அவளுக்குக் குளிர் ஆகாது."

"இப்ப என்ன மாமா ஆகாம இருக்கு?" என்று கத்திவிட்டேன்.

"பாப்பா பக்கத்துலதான் இருக்கா. தூரத்துல இருக்குறவங்களுக்குத்தான் பெட்டி. நாலு மணி நேரத்துக்கு எதுக்கு?"

அவர் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவைப் பெட்டியில் வைத்தால், பெண்ணைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இத்தனை வருஷமாக அக்காவிடம் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்தார். சட்டைப் பொத்தான் ஏறுமாறாகப் போட்டிருந்தது. அப்பா தவறிவிட்டார், தம்பி வர வேண்டும், பெட்டி வேண்டும் என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர், உள்ளே கூட்டத்தையும் கட்டிலையும் பார்த்துவிட்டு அப்படியே பின்வாங்கினார். "ஐயோ, எனக்குத் தெரியாதுங்க, மன்னிச்சிருங்க" என்றார். மாமா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி எங்க இருந்து வரணும்?"

அவர் ஊரைச் சொன்னார். பாப்பா ஊரைவிட மூன்று மடங்கு தூரம்.

"எடுத்துட்டுப் போங்க. எங்களுக்குத் தேவைப்படாது. எங்க பொண்ணு நாலு மணி நேரத்துல வந்துடுவா."

நான் ஷெட் வாசலில் போய் நின்றுகொண்டேன். "வழியை விடும்மா" என்றார் மாமா. அந்த மனிதர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பனைப் பறிகொடுத்தவன் முன்னால் எத்தனை நேரம் மல்லுக்கு நிற்பது? விலகினேன். பெட்டியை வேனில் ஏற்றினார்கள். மாமாவே ஒரு பக்கம் பிடித்தார். எத்தனையில் வைக்க வேண்டும், கண்ணாடியில் நீர் படிந்தால் எந்தத் துணியால் துடைக்க வேண்டும் என்றெல்லாம் நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார்.

பாப்பா விமானம் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. மாமா அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஒரேயடியாகக் காய்ந்து, நாலு மணிக்கு மேல் சட்டென்று இருட்டியது. அப்புறம் பிடித்தது மழை. மழையா அது? காற்று ஜன்னலை அடித்து உடைத்தது. தெரு முழுக்கத் தண்ணீர். வெளியே அப்படிக் கொட்டியும் அறைக்குள் புழுக்கம் குறையவில்லை.

ஐந்து மணிக்கு நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மேகத்துக்குள் எங்கேயோ விமானச் சத்தம் கேட்டது. போயிற்று, திரும்ப வந்தது. "அதுதான்" என்றார் மாமா. எழுந்து வாசலுக்குப் போய் மழையில் நின்று மேலே பார்த்தார். அது பாப்பாவின் விமானமேதான். பிறகு அவளே சொன்னாள். அரை மணி நேரம் எங்கள் தலைக்கு மேலேயே சுற்றியிருக்கிறது. சொன்ன மாதிரி நாலு மணி பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள், இறங்கத்தான் முடியவில்லை. எரிபொருள் தீர்ந்துவிடும் என்று வேறோர் ஊருக்குத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கிருந்து ரோடெல்லாம் வெள்ளம். மழை விட்டால் நாளைக்குத்தான் விமானத்தை எடுப்பார்களாம்.

அதைக் கேட்டதும் மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்தான் போனை எடுத்துப் பக்கத்து ஊரில் பெட்டி வாடகைக்கு விடுகிறவரைப் பிடித்தேன். பாலத்தின்மேல் தண்ணீர் போகிறது, வண்டி வராது என்றார். பெட்டி இருக்கிற முதல் வீட்டுக்குப் போன் போட்டால், அங்கே மறுநாள்தான் எடுக்கிறார்கள். மிச்சம் இருந்தது காலையில் போன பெட்டிதான்.

"போங்க மாமா. காலில விழுந்தாவது வாங்கிட்டு வாங்க" என்றேன்.

முழங்கால் தண்ணீரில் நடந்து போனார். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு வந்தார். நனைந்த சட்டையோடு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"அந்த வீட்டு அம்மா கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே. படுக்க வச்ச ஆளை எழுப்புன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

மீன் சந்தை ஐஸ் பாக்டரிக்கு ஆள் அனுப்பினோம். கொண்டுவந்த பாளங்களை உடைத்து அக்காவைச் சுற்றி அடுக்கினோம். குளிரே ஆகாதவளை மீன் மாதிரி ஐஸில் போட்டார் எங்கள் மாமா. அதுவும் உருகி உருகிப் பாய் வழியாகத் தரையில் ஓடியது. நான் பிழிந்து பிழிந்து வாளியில் ஊற்றினேன்.

காலையில் அக்காவின் முகம் அக்காவின் முகமாக இல்லை. அவ்வளவுதான் சொல்வேன். மாமா எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் கூட வைத்துக்கொண்டு, வெள்ளைத் துணியால் தலையிலிருந்து கணுக்கால் வரை சுற்றித் தைக்கச் சொன்னார். கை ஊசியில் நூல் கோத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "நெருக்கமாத் தைம்மா. பிரிச்சுப் பார்க்கக் கூடாது" என்றார். பாதத்தை மட்டும் மூட வேண்டாம் என்றார்.

பாப்பா மத்தியானம் வந்தாள். ஒரு கைப்பை மட்டும் வைத்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து, துணியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அப்பா, முகத்தைக் காட்டுங்கப்பா."

"வேணாம்டா."

"ஒரே ஒரு தடவைப்பா. நான் தினமும் எத்தனை பேரைப் பார்க்கிறேன். எனக்குப் பயமில்லப்பா."

"அம்மா இப்ப அம்மா மாதிரி இல்லடா. நீ பார்த்தா அந்த முகந்தான் கடைசி வரைக்கும் நிக்கும். காலைப் பாரு. கால் அப்படியே இருக்கு."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தரை ஈரத்தையும் வாளியையும் பார்த்தாள். பிறகு அவளுக்கு ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும்.

"பெட்டி எங்கப்பா?"

மாமா வாளியை எடுத்து ஓரமாக வைத்தார். நான்தான் சொன்னேன். "நீ ஆறு மணிக்கு வந்துடுவேன்னு சொன்னேல்ல, அதான்..."

பாப்பா அம்மாவின் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. சின்னப் பிள்ளை மாதிரிதான் கேட்டாள்.

"நான் சொன்னதை ஏம்பா நம்புனீங்க?"



இரண்டு நாள் கழித்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். தூரத்திலிருந்து வர வேண்டிய அந்தத் தம்பியும் கூட வந்திருந்தான். அவனுக்கு எல்லா விமானமும் ஒழுங்காகவே வந்திருக்கிறது. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாலதான் எங்க அப்பா முகத்தைப் பார்த்தேன். தூங்குற மாதிரியே இருந்தாரு" என்று அழுதான். எனக்கு அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. பாவம், அவன் என்ன பண்ணுவான். மாமா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

லீவு முடிந்து பாப்பா கிளம்பினாள். இருந்த நாளெல்லாம் அப்பாவுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். வேறு பேச்சு அதிகம் இல்லை. போகிற அன்று வானம் துடைத்து விட்ட மாதிரி இருந்தது. விமான நிலையத்திலிருந்து நானும் மாமாவும் பஸ்ஸில் திரும்பி வந்தோம். மாமா சட்டையை மாற்றாமல் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தார். காபி கொண்டுபோய் வைத்தேன், ஆறிப்போயிற்று. என் போனில் செய்தி வந்த சத்தம் கேட்டதும் நிமிர்ந்தார்.

"இறங்கிட்டேன் சித்தின்னு போட்டிருக்கா" என்றேன்.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணி நேரந்தான்" என்றார். சொல்லிவிட்டு, அக்கா போன அன்றிலிருந்து அழாத மனுஷன், தெருவுக்கே கேட்கிற மாதிரி அழ ஆரம்பித்தார்.